ஆட்டமே இல்லை, உடற்தகுதி எங்கிருந்து வரும்?

புதுதில்லி: சொந்த மண்ணில் முதல் கோலை அடித்த அணி, அந்த முன்னிலையை இடைவேளை வரைகூடக் காப்பாற்ற முடியவில்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதி கோவா மாநிலம் மர்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்ற கோல் கணக்கில் தோற்றது இந்தியக் கால்பந்து அணி. 14-வது நிமிடத்தில் சாங்தே அடித்த கோலுக்கு 44-வது நிமிடத்தில் பதிலடி கொடுத்த சிங்கப்பூர், 58-வது நிமிடத்தில் இரண்டாவது கோலையும் அடித்தது. 2019, 2023 என அடுத்தடுத்து இரு ஆசியக் கோப்பைப் போட்டிகளில் ஆடிய இந்தியா, சவூதி அரேபியாவில் நடைபெறும் 2027 போட்டிக்குத் தகுதி பெறும் வாய்ப்பை அன்றே இழந்தது.

வீரர்களிடம் உடற்தகுதி இல்லை, போராடும் குணம் இல்லை என்ற விமர்சனம் உடனே எழுந்தது. அது முழுவதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால், பழியை வீரர்கள் மீது மட்டும் சுமத்திவிட்டு நகர்வது, நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதாகும்.

மாறிய பயிற்சியாளர்கள்

2023-ல் மூன்று கோப்பைகளை வென்று, ஃபிஃபா தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் நுழைந்த அணி இது. 2024-ல் ஆடிய 11 ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. 6 தோல்வி, 5 டிரா. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் வெளியேறியதைத் தொடர்ந்து அந்த ஆண்டு ஜூனில் இகோர் ஸ்டிமாக் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மனோலோ மார்க்வெஸ், கோவா கிளப் அணியின் பயிற்சியாளராகவும் அதே காலத்தில் நீடித்தார். அவரது பொறுப்பில் 8 ஆட்டங்களில் கிடைத்த ஒரே வெற்றி, மாலத்தீவுகளுக்கு எதிரானது. கோல் அடிக்க ஆளில்லாமல், ஓய்வு பெற்றிருந்த 40 வயது சுனில் சேத்ரியை மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று.

2025 ஆகஸ்ட் 1-ம் தேதி காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். 2016-17-ல் அய்ஸால் அணியை ஐ-லீக் சாம்பியனாக்கியவர் அவர். தொடக்கம் நம்பிக்கையளித்தது. மத்திய ஆசிய நாடுகள் கோப்பையில் தஜிகிஸ்தானை 2-1 என வென்ற இந்தியா, ஓமனை பெனால்டி ஷூட்-அவுட்டில் வீழ்த்தி மூன்றாமிடம் பெற்றது. ஆனால், அந்த வேகம் இரண்டு மாதங்கள்கூட நீடிக்கவில்லை. சிங்கப்பூரிடம் தோற்ற அணி, நவம்பர் 18-ல் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1 என வீழ்ந்தது. இந்தியாவை வங்கதேசம் வென்றது 22 ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

தில்லியில் தேங்கிய முடிவு

இந்தச் சரிவின் வேர் மைதானத்தில் மட்டும் இல்லை. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் ஐஎஸ்எல் போட்டியை நடத்திய நிறுவனத்துக்கும் 2010-ல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம், 2025 டிசம்பரில் முடிவடைய இருந்தது. சம்மேளனத்தின் புதிய சட்டவிதிகள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால், புதிய ஒப்பந்தம் செய்ய இயலவில்லை. இதனால் அந்த ஆண்டு ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. சென்னையின் எஃப்சி உள்ளிட்ட கிளப்புகள் தங்கள் பணிகளை நிறுத்தின. பெங்களூரு கிளப் ஊதியத்தை நிறுத்தி வைத்தது.

சட்டவிதிகளுக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது செப்டம்பர் 19-ல்தான். 2025 ஏப்ரல் 12-ல் இறுதி ஆட்டம் முடிந்த பிறகு, அடுத்த ஐஎஸ்எல் தொடங்கியது 2026 பிப்ரவரி 14-ல். இடையில் 10 மாதங்கள் முதன்மை லீக் இல்லை. டுராண்ட் கோப்பை, சூப்பர் கோப்பை போன்ற குறுகிய காலப் போட்டிகள் மட்டுமே நடைபெற்றன.

கால்பந்து வீரரின் உடற்தகுதி உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் உருவாவதில்லை. வாரந்தோறும் 90 நிமிடங்கள் ஆடுவதில்தான் அது முழுமை பெறுகிறது. கடைசி 20 நிமிடங்களில் கால் தளராமல் ஓடுவதும், களைப்பிலும் சரியான முடிவெடுப்பதும் அப்படி வருபவை. இரண்டு, மூன்று வார முகாமில் எந்தப் பயிற்சியாளராலும் அதை ஈடுசெய்ய முடியாது. அந்த முகாமுக்கும் வீரர்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. மத்திய ஆசியப் போட்டி ஃபிஃபா அனுமதித்த நாள்களுக்குள் வராததால், மோகன் பகான் தன் வீரர்களை விடுவிக்க மறுத்தது. அடுத்த மாத ஊதியம் வருமா என்று தெரியாத வீரரிடம் மன உறுதியை மட்டும் எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதாவை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சம்மேளனங்களின் தேர்தலையும் தகராறுகளையும் ஒழுங்குபடுத்த அது வழிசெய்யும். ஆனால், சட்டம் கோல் அடிக்காது. ஆண்டுதோறும் தடையின்றி நடைபெறும் லீக், முன்கூட்டியே அறிவிக்கப்படும் கால அட்டவணை, கிளப்புகளுடன் வீரர்களை விடுவிப்பது பற்றிய உடன்பாடு ஆகிய மூன்றும் இல்லாத வரை, பயிற்சியாளர் பெயர் மட்டுமே மாறிக்கொண்டிருக்கும்.