பாறை தந்த பிழைப்பு

கனடாவின் மஸ்கோகா ஏரிப் பகுதியில் விடுமுறை விடுதி தோன்றியதற்குக் காரணம் ஏரியின் அழகு மட்டுமல்ல, விளையாத நிலமும்தான். 1868இல் ஒன்ராறியோ அரசு இலவசக் காணிச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுக்கு 100 ஏக்கர். ஐந்து வருடத்துக்குள் 15 ஏக்கர் காடு வெட்டி, ஒரு வீடும் கட்ட வேண்டும். நம்பி வந்தவர்கள் மரத்தைச் சாய்த்துவிட்டு மண்ணைக் கொத்தினால், சாண் ஆழத்தில் கருங்கல்.

அவர்களைக் காப்பாற்றியது தூண்டிலோடு வந்த நகரத்து ஆட்கள். 1866 முதலே ஏரியில் வெனோனா என்ற நீராவிக் கப்பல் ஓடியது. 1875இல் கிரேவன்ஹர்ஸ்ட்டுக்கு ரயிலும் வந்துவிட்டது. வந்தவர்களுக்குப் படுக்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். கமக்காரர் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். மனைவி சமைத்தாள், துணி தோய்த்தாள். பாலும் முட்டையும் வளவுக்குள்ளேயே. அடுத்த கோடைக்கு இன்னும் இரண்டு அறைகள். பெயர்பெற்ற ஹொட்டேல்கள் சில இப்படி வளர்ந்தவைதான். அந்தப் பெண்களின் உழைப்பைத்தான் நான் இந்தத் தொழிலின் முதல் என்பேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார் பெருகியது. ஹொட்டேல் சாப்பாட்டுக்கு வசதியில்லாத குடும்பங்கள், அடுப்போடு கூடிய சிறு கொட்டேஜ்களை வாரக் கணக்கில் எடுத்தன. ரொறொன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ரைஸ் குக்கரும் ஆட்டிறைச்சிக் கறியுமாக நாம் போய் இறங்குவதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

அதுதான் இப்போது கைநழுவுகிறது. இந்தக் கொட்டேஜ்களில் பல குடும்பச் சொத்து. 1972 முதல், பெற்றோரில் பிந்தியவர் கண்மூடியதும் சொத்து சந்தை விலைக்கு விற்கப்பட்டதாகவே கனடிய வரிச் சட்டம் கொள்கிறது. கிடைக்காத லாபத்துக்கு, பிள்ளைகளுக்கு வரும் சொத்திலிருந்து வரி கட்ட வேண்டும். பத்துக் கொட்டேஜ்களின் கோடை வாடகை அதற்கு எந்த மூலைக்கு? விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு வேண்டியது கரை; கொட்டேஜ்கள் அல்ல. பரம்பரைச் சொத்துக்கு ஏன் சலுகை என்று கேட்பவர்களும் உண்டு. என் கவலை வாரிசுகளைப் பற்றியதல்ல. கரையில் காணி இல்லாதவன் எந்த வழியாகத் தண்ணீருக்குப் போவது?

பல வருடமாக நாங்கள் போய்த் தங்கிய இடத்தில் போன கோடையில் கேட் பூட்டிக் கிடந்தது. சாவியோடு வந்து, எந்த மூலையில் மீன் கடிக்கும் என்று சொல்லும் விடுதிக்கார அம்மா இல்லை. கரையோரமாகவே காரை ஓட்டினோம். ஒவ்வொரு வாசலிலும் ‘தனியார்’ பலகை. கடைசியில் படகு இறக்கும் பொது இடத்தில், ட்ரெய்லர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பிள்ளைகள் முழங்கால்வரை நனைந்தார்கள்.