இரத்தக் கட்டியைப் பலூன் வெளியே இழுப்பது எப்படி?

இதயத்தில் உருவாகும் இரத்தக் கட்டி சில நேரம் நகர்ந்து சென்று காலின் தமனியை அடைத்துவிடுகிறது. இரத்தம் கிடைக்காத தசைகள் சில மணி நேரத்திலேயே அழியத் தொடங்கும். 1960-க்கு முன், கட்டியை எடுக்கத் தமனியை நீளமாகத் திறக்க வேண்டியிருந்தது. பல மணி நேர அறுவையைத் தாங்காமல் பலர் காலையோ உயிரையோ இழந்தனர்.

இதற்குத் தீர்வு கண்டவர் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த தாமஸ் ஃபோகார்டி. மெல்லிய கதீட்டர் குழாயின் நுனியில் இரப்பர் கையுறையின் விரல் நுனியைப் பலூனாகப் பொருத்த முயன்றார். பசை அதைப் பிடித்து நிறுத்தவில்லை. மீன்பிடி தூண்டிலுக்குச் செயற்கை ஈ கட்டும் நூல் முடிச்சுதான் கைகொடுத்தது. 1961-இல் இக்கருவி முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது.

செயல்முறை எளிது. தொடை இடுக்கில் சிறிய கீறல் இட்டு, சுருங்கிய பலூனுடன் கதீட்டர் தமனிக்குள் செலுத்தப்படுகிறது. மெலிதாக இருப்பதால் அது கட்டியைத் தாண்டிச் செல்கிறது. பிறகு சிரிஞ்சால் உப்புநீர் ஏற்றினால் பலூன் உப்புகிறது. கதீட்டரைப் பின்னோக்கி இழுக்கும்போது கட்டியும் கீறல் வழியே வெளியேறுகிறது.

பலூன் அளவுக்கு மீறி உப்பினால் தமனியின் உட்சுவர் சிதையும். ஆகவே தமனியின் அகலத்துக்கு ஏற்ப மருத்துவர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறார். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தாலே போதும் என்பதால், முழு மயக்கத்தைத் தாங்க இயலாத முதியவர்களுக்கும் இச்சிகிச்சை சாத்தியமாயிற்று.