குடித்தொகையும் வாக்குப் பலமும்

ஒரு தேர்தல் தொகுதியிலே எந்த இனத்தார், எந்தத் தொழிலினர் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதை அறிந்துவிட்டால், அத்தொகுதி எக்கட்சியின் பக்கம் சாயும் என்றும், எத்தனை பேர் வாக்களிக்க வருவர் என்றும் முன்கூட்டியே கூறிவிடலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். தேர்தற் காலத்திலே தேநீர்க் கடைகளிற் பேசப்படுவதும் இக்கணக்கே. இஃது எவ்வளவு தூரம் உண்மை? நாவலப்பிட்டியின் வரலாறு இதற்கு நல்லதொரு விடையைத் தருகின்றது.

1874 ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியை அடைந்தது. சுற்றியுள்ள மலைகளிலே தேயிலைத் தோட்டங்கள் பெருகின. கிராமங்களிலே சிங்கள மக்கள், நகரிலே தமிழ், முஸ்லிம் வணிகர்கள், தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் என இங்கே மக்கள் கலந்து வாழலாயினர். 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, இந்திய வம்சாவளித் தமிழர் இலங்கைக் குடித்தொகையில் நூற்றுக்கு 11.7 வீதத்தினராயிருந்தனர்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டிலே பல ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் தெரிவாயினர். குடித்தொகைக் கணக்கும் வாக்குக் கணக்கும் அன்று பெரும்பாலும் ஒத்திருந்தன.

அடுத்த ஆண்டிலேயே நிலைமை மாறிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை அல்லது தந்தைவழி முன்னோர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கோரிற்று. பழைய பிறப்புப் பதிவுகளைக் காட்ட இயலாத தோட்ட மக்கள் மிகப் பலர். 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு பிணைத்தது. எனவே 1952 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தோட்ட மக்களிற் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இருக்கவில்லை. அவர்களின் அமைப்பு ஓர் ஆசனத்தையும் பெறவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். தொகுதிகளின் எல்லையை வகுக்கும்போது வாக்கற்றவர்களும் குடித்தொகையிற் சேர்த்தே எண்ணப்பட்டனர். ஆகவே அவர்களின் தலைகள் ஆசனங்களைக் கூட்டின. வாக்குகளோ அயலாரின் கையில் மட்டும் இருந்தன. மலையை விட்டு மக்கள் பெயரவில்லை. எனினும் தொகுதியின் அரசியற் சாய்வு மாறிற்று. மாறியது குடித்தொகையன்று, இடாப்பு.

பின்னர்க் குடித்தொகையே மாறலாயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்வதென 1974 இல் இணங்கின. பல்லாயிரம் குடும்பங்கள் மலைகளை விட்டு நீங்கின. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இந்திய வம்சாவளியினரின் பங்கு 5.5 வீதமாயிற்று. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே, நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை கிடைக்க வழி செய்தன.

இனி, சாய்வு பற்றி ஒரு சொல். ஓர் இனத்தார் என்றும் ஒரே கட்சிக்கு வாக்களிப்பர் என்பது பொருந்தாது. தொண்டமான் 1960 இல் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியை ஆதரித்தார். 1965 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் நின்றார். 1978 இல் அக்கட்சியின் அரசாங்கத்திலும், 1994 இன் பின்னர் வேறு கூட்டணியின் அரசாங்கத்திலும் அமைச்சராயிருந்தார். பிரசாவுரிமை, சம்பளம், வீடு, நிலம் என்னும் தேவைகளே சாய்வுக்கு வழிகாட்டின.

இன்று நாவலப்பிட்டி தனித் தொகுதியன்று. விகிதாசார முறையின்கீழ்க் கண்டி மாவட்டத்தின் ஒரு வாக்களிப்புப் பிரிவாகும். மாவட்டத்திற் சிதறி வாழும் சிறுபான்மையினர் தம் விருப்பு வாக்குகளை ஒன்றுதிரட்டினால் ஓர் உறுப்பினரைப் பெறலாம். பலராகப் பிரித்தால் இழக்கலாம். 2015 இலும் 2020 இலும் வேலு குமார் கண்டி மாவட்டத்திலிருந்து தெரிவானமை இதற்குச் சான்று.

வாக்களிப்போர் தொகையும் குடித்தொகையை மட்டும் பொறுத்ததன்று. 2024 செப்டெம்பரில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 79 வீதத்தினர் வாக்களித்தனர். இரண்டு மாதங்களுள் வந்த பாராளுமன்றத் தேர்தலிலோ அது 69 வீதமாகக் குறைந்தது. இரண்டு மாதத்தில் மக்களின் இனமும் மதமும் மாறுவதில்லை. ஊக்கமும் வசதியுமே மாறுகின்றன. தோட்டத்து இளைஞர் பலர் கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் தொழில் செய்கின்றனர்; பெயரோ ஊர் இடாப்பில் இருக்கின்றது. தபால் வாக்கு அவர்களுக்கு இல்லை. விடுமுறையும் பயணச் செலவும் கிடையாவிடின் அவர்களின் வாக்கு வாக்குச்சாவடிக்கு வந்து சேர்வதில்லை.

ஆகவே, நேயர்களே, எண்ணிக்கை தானாகவே பலமாகிவிடுவதில்லை. சட்டம் இடமளித்து, இடாப்பிற் பெயர் ஏறி, கையில் அடையாள அட்டை இருந்து, வாக்களிப்பு நாளில் மனிதர் நேரில் வந்த பின்னரே ஒரு தலை ஒரு வாக்காகின்றது. இவற்றுள் முதலாவதற்காக நம் முன்னோர் நாற்பது ஆண்டுகளுக்கு மேற் காத்திருந்தனர். மற்றவை நம் கையிலும் உள்ளன. இடாப்பு மீளாய்வுக் காலத்திலே கிராம உத்தியோகத்தரிடம் சென்று வீட்டார் அனைவரின் பெயர்களையும், பதினெட்டு வயதை எட்டிய பிள்ளைகளின் பெயர்களையும், சரிபார்த்துக் கொள்வீர்களாக.