எழுத வராதபோது இவர்கள் என்ன செய்தார்கள், தெரியுமா?

வெற்றுத்தாளே ஆய்வுக் கட்டுரையானது தெரியுமா?
1974-இல் டென்னிஸ் அப்பர் என்ற உளவியலாளர், தன் ‘ரைட்டர்ஸ் பிளாக்’கை (எழுத வராத முடக்கத்தை)த் தானே தீர்க்க முயன்று தோற்றதாக ஒரு கட்டுரை அனுப்பினார். தலைப்பு உண்டு, பெயர் உண்டு. கட்டுரைப் பகுதியில் ஓர் எழுத்துகூடக் கிடையாது! எலுமிச்சைச் சாறு, எக்ஸ்ரே என எல்லாம் வைத்துச் சோதித்தும் ஒரு குறையும் தென்படவில்லை என்று மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுக்க, அமெரிக்க ஆய்விதழ் ஒன்று அதை அப்படியே அச்சிட்டது!

உடைகளைப் பூட்டி வைத்த நாவலாசிரியர் தெரியுமா?
1830. விக்டர் ஹ்யூகோவுக்குப் பதிப்பாளர் கொடுத்த கெடு நெருங்கிவிட்டது. ‘நோத்ர தாம்’ நாவலோ நகரவில்லை. வெளியே கிளம்பும் ஆசையே எழாதபடி உடைகளைப் பூட்டிவிட்டு, ஒரு புட்டி மையும் உடல் முழுக்க மூடும் சாம்பல் நிறக் கம்பளியுமாக உட்கார்ந்தாராம். அவர் மனைவி எழுதி வைத்த செய்தி இது. 1831 ஜனவரியில் நாவல் தயார்!

26 நாளில் ஒரு நாவல்!
1866 நவம்பர் 1-க்குள் புது நாவல் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்கு ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் எழுத்தையெல்லாம் பணம் தராமலே பதிப்பாளர் வெளியிடலாம். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அப்படி! அக்டோபரில் சுருக்கெழுத்து தெரிந்த அன்னா என்ற இளம்பெண்ணை அமர்த்தி, தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ‘சூதாடி’ பிறந்தது. மறு ஆண்டு அன்னாவையே மணந்தார்!

கடிகாரம் வைத்து எழுதியவர் தெரியுமா?
ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் தபால் துறை ஊழியர். விடியற்காலை 5.30-க்கு மேஜை முன் இருப்பார்; கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்கு. தன்னை எழுப்பிவிடும் வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்ட் கூடுதல் சம்பளம்! பலன்? 47 நாவல்கள்!

பத்தாண்டு காத்திருந்த கவிஞர் தெரியுமா?
ரில்கே 1912-இல் துயினோ கோட்டையில் தொடங்கிய பத்து இரங்கற்பாக்கள் பாதியில் நின்றன. நடுவே உலகப் போர். ஆனாலும் பேனாவை அவர் மூடவில்லை: கடிதங்கள் எழுதினார், 1921-இல் பிரெஞ்சுக் கவி வலேரியின் எழுத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1922 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் மியூசோ மாளிகையில், அணை உடைந்தது! இரங்கற்பாக்கள் நிறைவுபெற்றன; கிரேக்கப் புராணப் பாடகன் ஆர்ஃபியஸைப் பாடும் 55 சானெட்டுகளும் அதே மாதத்தில் வந்து சேர்ந்தன!

நடந்தால் யோசனை பெருகும், தெரியுமா?
ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவு இது: உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் இதே பலன்!

ஹ்யூகோவுக்குப் பூட்டு, தஸ்தயேவ்ஸ்கிக்குத் துணைக்கரம், டிராலப்புக்குக் கடிகாரம், ரில்கேவுக்கு மொழிபெயர்ப்பு. வழிகள் வேறு வேறு. ஆனால் கைகட்டிக் காத்திருந்தவர் இவர்களில் ஒருவருமில்லை! இன்று உங்களுக்குக் கதை வரவில்லையா? ஒரு கடிதம் எழுதுங்கள், பிடித்த பக்கத்தை மொழிபெயருங்கள், தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். நாளை அதே நேரத்தில் மறுபடி உட்காருங்கள்!