வாக்குரிமையும் பள்ளிக் கட்டிடமும்

பள்ளிக்கூடத்தின் கூரையைச் செப்பனிடும் பொறுப்பு யாருடையது? இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடு கண்ட விடை சிந்தித்தற்குரியது. ஆங்குக் கல்வி மாவட்டம் பிணைமுறிகளை விற்றுக் கடன் பெற்றுக் கட்டிடம் எழுப்புகின்றது. ஆதன வரியால் அக்கடனைப் பல்லாண்டுகளில் தீர்க்கின்றது. ஆயினும், பல மாநிலங்களில் கடன்படுமுன் வாக்காளர் இசைதல் வேண்டும். கலிபோர்னியாவில் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டுமென்றிருந்த விதி, 2000ஆம் ஆண்டில், கணக்காய்வும் குடிமக்கள் மேற்பார்வைக் குழுவும் அமைதல் வேண்டுமென்னும் நிபந்தனையுடன், 55 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. சுமை தாங்குவோரின் சம்மதமே இம்முறையின் உயிர்நிலை.

வாக்கே இல்லாதோரின் பள்ளி என்னாகும்? ரம்புக்கனையை உள்ளிட்ட சப்ரகமுவைத் தோட்டப் பகுதிகளின் வரலாறு விடை பகரும். இலங்கையில் பிணைமுறி வாக்கெடுப்பு முறை இல்லை. 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளியறை அமைத்துப் பேணும் கடமையைத் தோட்டத் துரையிடம் ஒப்புவித்தது. துரைக்கோ அது செலவு. கேட்டுப் பெறவேண்டிய தொழிலாளருட் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் மறு ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்கிழந்தனர். ஓரறையில், ஓராசிரியரின்கீழ்ப் பல வகுப்புகள் காலந்தள்ளின.

1970களில் அரசு தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்றது. பின்னர்ச் சுவீடன் நாட்டு உதவியாற் புதுக் கட்டிடங்கள் எழுந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை நல்கியது. கல்லும் மண்ணும் போல வாக்கும் கட்டிடப் பொருளே. அதனைப் பெற்ற பெற்றோர், தம் பள்ளிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவாயது எவ்வாறு எனக் கேட்டறிதல் உரிமை மட்டுமன்று, கடமையுமாம்.