சாவி யார் கையில்? மேகச் செயலிகளும் பங்கிட்ட சாவிகளும்



டெங்கில் பட்டணத்திலிருந்து சைபர்ஜெயாவுக்குக் காரில் போனால் கால் மணி நேரம்தான் ஆகும். சொல்லப்போனால், சைபர்ஜெயாவே டெங்கில் முக்கிமுக்குள்தான் இருக்கு. 1997இல் தொடங்கப்பட்ட அந்த நகரத்தில், ஜன்னல் அதிகம் இல்லாத பெரிய கட்டடங்கள் சிலவற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை தரவு மையங்கள். 'கிளவுட்', 'மேகம்' என்று நாம் சொல்வதெல்லாம் இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் இரவு பகலாக ஓடும் சர்வர்கள்தான்.

2020 ஜூனில் டெலிமா தளம் வந்த பிறகு, நம்ம வேலையில் பாதி மேகத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கு வெளியேயும் இதே கதைதான். டியூஷன் நிலையம், பாலர் பள்ளி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் எல்லாரும் ஏதாவதொரு செயலி வைத்திருக்கிறார்கள். அதில் பிள்ளையின் மைகிட் எண், வீட்டு முகவரி, பெற்றோரின் வருமானம், சில வேளை மருத்துவக் குறிப்புகூட இருக்கும். செயலி விற்க வருபவரிடம் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், "எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணியிருக்கோம் டீச்சர், பயப்படாதீங்க" என்பார். நாமும் தலையாட்டிவிடுகிறோம். அடுத்து ஒரு கேள்வி கேட்கணும்: "சாவி எங்கே இருக்கு?"

குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன், நல்ல பூட்டுதான். இன்று பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் முறையில் 256 பிட் சாவி என்றால், சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கம் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறக்கிற வேலையே நடக்காது. அதனால் திருட வருபவன் பூட்டை உடைக்கப் பார்ப்பதில்லை, சாவியைத் தேடுகிறான். தரவு இருக்கும் அதே சர்வரில் சாவியும் ஒரு கோப்பாகக் கிடந்தால், கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போனது மாதிரிதான். மாணவர் பட்டியலை எக்ஸெல் கோப்பாகக் கடவுச்சொல் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, அடுத்த செய்தியிலேயே கடவுச்சொல்லையும் அனுப்புகிறோமே, அதுவும் இதுதான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடக்கிறது. 2023இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஒரு சாவி ஊடுருவல்காரர்கள் கைக்குப் போனது. அமெரிக்க அரசுத் துறைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகளின் மின்னஞ்சல்களை அவர்கள் படித்தார்கள். அது தரவைப் பூட்டும் சாவிகூட இல்லை. உள்ளே வருபவர் உண்மையான பயனர்தான் என்று முத்திரை குத்தும் சாவி. 2016இல் உருவாக்கியது, ஏழு வருடம் கழித்தும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. சாவி செய்வதோடு வேலை முடிவதில்லை. மாற்றுவது, பழையதை அழிப்பது, யார் எப்போது தொட்டார் என்று பதிவு வைப்பது எல்லாம் சேர்ந்ததுதான் சாவி மேலாண்மை.

மேகச் செயலிகள் இதை எப்படிச் செய்கின்றன? பள்ளி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வகுப்பறை, பன்னிரண்டு சாவி. அத்தனையும் ஒரு சாவிப் பெட்டிக்குள். பெட்டிக்கு ஒரு தனிப் பூட்டு. மேகத்திலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தரவுச் சாவி உண்டு. அந்தத் தரவுச் சாவிகளை ஒரு தலைமைச் சாவி பூட்டி வைக்கிறது. தலைமைச் சாவி வேறொரு சர்வரில் இருக்கும். இதனால் என்ன லாபம்? தலைமைச் சாவியை மாற்றும்போது லட்சக்கணக்கான கோப்புகளைத் திரும்பப் பூட்ட வேண்டியதில்லை, சின்னச் சின்னச் சாவிகளை மட்டும் புதுப் பெட்டிக்கு மாற்றினால் போதும். ஆனால் ஒன்று. எவனாவது ஒரு வகுப்பறைச் சாவியை ஏற்கெனவே நகலெடுத்திருந்தால், பெட்டியின் பூட்டை மாற்றி என்ன பயன்? அந்த வகுப்பறைப் பூட்டையே மாற்றணும். விற்பனையாளர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, தலைமைச் சாவியை யாரிடம் கொடுப்பது? இங்கேதான் உண்மையான சிக்கல். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் கெட்டவராகலாம், ஏமாறலாம், அல்லது சும்மா வேலையை விட்டுப் போகலாம். நம்ம வட்டாரத்தில் ஒரு டியூஷன் நிலையம், பெயர் வேண்டாம். செயலியை அமைத்துக் கொடுத்த இளைஞரின் மடிக்கணினியில் மட்டும்தான் சாவி இருந்தது. கணினி பழுதாகிவிட்டது, வேறு நகல் இல்லை. மூன்று ஆண்டுப் பிள்ளைகளின் தேர்ச்சிப் பதிவு இன்றும் மேகத்தில் பத்திரமாக இருக்கு, ஆனால் யாராலும் படிக்க முடியாது. சாவி தொலைந்தால் தரவு அழிந்ததற்குச் சமம். (இதையே நல்லதுக்கும் பயன்படுத்துவார்கள். படித்து முடித்துப்போன மாணவரின் பதிவை எல்லா நகல்களிலிருந்தும் தேடித் தேடி அழிப்பதற்குப் பதிலாக, அவருடைய சாவியை மட்டும் அழித்துவிடலாம்.)

அப்படியானால் ஐந்து பேரிடம் நகல் கொடுத்துவிடலாமா? தொலையாது, ஆனால் திருட ஐந்து வாசல். கடவுச்சொல்லைப் பாதியாக வெட்டி இருவரிடம் கொடுக்கலாமா? எட்டு எழுத்தில் நான்கு தெரிந்தவர் மீதி நான்கை ஊகிக்கப் பார்ப்பார், அது ரொம்பச் சுலபம். பல கோயில்களில் உண்டியலுக்கு இரண்டு மூன்று பூட்டுப் போட்டு, சாவிகளை வெவ்வேறு ஆட்களிடம் கொடுப்பார்கள். இது நல்ல யோசனை. ஆனால் ஒருவர் ஊரில் இல்லையென்றால் உண்டியல் திறக்காது.

1979இல் ஆதி ஷமீர், ஜார்ஜ் பிளேக்லி ஆகிய இருவரும் தனித்தனியாக இதற்கு வழி கண்டார்கள். ஐந்து பங்கு செய், எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும், இரண்டு மட்டும் இருந்தால் ஒன்றுமே தெரியாது. ஷமீரின் வழி நம்ம இடைநிலைப்பள்ளிக் கணக்குதான். இரண்டு புள்ளி இருந்தால் ஒரு நேர்கோடு, ஒரு புள்ளி வழியாகவோ எத்தனையோ கோடு.

வகுப்பில் செய்து பாருங்கள். ரகசியம் 7. கோட்டின் சரிவுக்கு 3 என்று ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுங்கள். முதல் மாணவருக்கு 7+3 = 10, இரண்டாமவருக்கு 13, மூன்றாமவருக்கு 16. இருவர் சேர்ந்தால் சரிவு தெரியும், ஒரு படி பின்னால் போனால் 7 கிடைக்கும். இதில் ஓர் ஓட்டை இருக்கு, கெட்டிக்கார மாணவர் கண்டுபிடித்துவிடுவார்: 10 வைத்திருப்பவர் "ரகசியம் 10ஐவிடப் பெரிதாக இருக்காது" என்று ஊகிப்பார். அதனால் 11 எண் உள்ள கடிகாரத்தில் கணக்குப் போடுவோம், 10க்கு அடுத்தது மறுபடி 0. இப்போது பங்குகள் 10, 2, 5. ஒரு பங்கை மட்டும் பார்த்தால் 0 முதல் 10 வரை எந்த எண்ணும் ரகசியமாக இருக்கலாம். இரண்டாவது, மூன்றாவது பங்கைச் சேர்த்துப் பாருங்கள். சரிவு 5−2 = 3. இரண்டு படி பின்னால் போனால் 2−6 = −4, கடிகாரத்தில் அது 7. வந்துவிட்டது. நிஜச் சாவிகளுக்கு 11க்குப் பதிலாகப் பிரம்மாண்டமான பகா எண் ஒன்றை வைப்பார்கள். மூவர் வேண்டுமென்றால் நேர்கோட்டுக்குப் பதில் இருபடி வளைவு.

இனி அந்த மாணவர்கள் இருக்கும் இடத்தில் சர்வர்களை வையுங்கள். பங்குகள் வெவ்வேறு கட்டடத்தில், முடிந்தால் வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ் இருக்கும். ஒரு சர்வர் விழுந்தாலும் செயலி ஓடும், ஒன்றைக் கைப்பற்றினாலும் திருடனுக்குப் பயனில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், பங்குகளை ஓரிடத்தில் சேர்க்காமலேயே, ஒவ்வொரு சர்வரும் தன் பங்கால் செய்த பாதிக் கணக்கை மட்டும் அனுப்பும் முறைகளும் உண்டு. அங்கே முழுச் சாவி எந்த நேரத்திலும் எந்தக் கணினியிலும் இருப்பதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பங்குகளைப் புதுப்பிக்கும் முறை. நம்மைப் போல மாற்றலாகிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது முக்கியம். ஒருவர் மாற்றலாகிப் போகிறார், அவர் பங்கு இன்னும் அவரிடம் இருக்கு. ரகசியத்தை மாற்றாமலேயே பங்குகளை மாற்றலாம். ரகசியம் 0 ஆக உள்ள ஒரு கோட்டைப் பழையதோடு கூட்டுங்கள். சரிவு 4 என்றால், கூட்ட வேண்டியவை 4, 8, 12. நம் கடிகாரத்தில் 10, 2, 5 என்பவை 3, 10, 6 ஆகிவிடும். சேர்த்துப் பாருங்கள், இன்னும் 7தான் வரும். ஆனால் போனவரின் பழைய 10ஐயும் இரண்டாமவரின் புது 10ஐயும் சேர்த்தால் 7 வராது. மற்றவர்கள் தங்கள் பழைய பங்கை உண்மையிலேயே அழித்திருக்கணும், அதுதான் நிபந்தனை.

இது வெறும் கணக்கல்ல. இணையத்தின் முகவரி முறைக்கான மூலச் சாவி 2010 முதல் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்த, அந்தந்த இடத்துக்கான, பல நாடுகளைச் சேர்ந்த ஏழு பொறுப்பாளர்களில் குறைந்தது மூவர் நேரில் வந்தாகணும். அந்தச் சடங்கு முழுதும் படம் பிடிக்கப்படுகிறது.

நம்ம நாட்டுச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. கட்டணம் வாங்கும் டியூஷன் நிலையத்தைக் கட்டுப்படுத்தும். பாதிப்பு ஏற்படுத்தக்கூடிய தரவுக் கசிவை ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கு.

சின்ன அமைப்புக்கு ஐந்து சர்வரெல்லாம் தேவையில்லை. நிர்வாகக் கணக்கு இருவர் பெயரில் இருக்கட்டும். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். கோப்பு ஒரு வழியில் போனால் கடவுச்சொல் வேறு வழியில் போகட்டும், நேரில் சொன்னால் இன்னும் நல்லது. யாராவது மாற்றலானால் அன்றைக்கே அவர் கணக்கை மூடுங்கள். அடுத்த முறை செயலி விற்பவர் வந்தால் உட்கார வைத்து, தே தாரிக் கொடுத்து, கேளுங்கள்: தலைமைச் சாவி எங்கே இருக்கு? உங்க ஊழியர் ஒருவர் தனியாக அதை எடுக்க முடியுமா? கடைசியாக எப்போது மாற்றினீங்க? நாளைக்கு உங்க கம்பெனியை மூடிட்டா, எங்க பிள்ளைகள் பதிவை நாங்க எப்படித் திறக்கிறது?