காக்காப்பொன்னும் கேசரிப் பவுடரும்

இந்த வருஷம் கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்துடன் என்ன வைத்துக் கொடுப்பது என்று யோசிக்கிறீர்களா? பிளாஸ்டிக் டப்பா அலுத்துவிட்டது. வீட்டிலேயே வார்த்த சோப் ஒன்று வைத்தால் எப்படி? கிளிசரின் சோப் பேஸ் என்று கடையில் கிடைக்கிறது. துண்டு போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, அச்சில் ஊற்ற வேண்டியதுதான். அல்வா கிளறுவதில் பாதிச் சிரமம்கூட இல்லை.

வம்பெல்லாம் நிறத்தில்தான் இருக்கிறது.

போன வருஷம் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். அலமாரியில் கேசரிப் பவுடர் இருந்தது. வயிற்றுக்குள் போகிற வஸ்து உடம்புக்கு மேல் ஆகாதா என்ன என்று நினைத்து, பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு என்று இரண்டு அடுக்காக வார்த்துவிட்டேன். அன்றைக்குப் பார்க்க, பர்பி தோற்றது! சில நாளில் ஆரஞ்சு மெள்ள மெள்ள வெள்ளைக்குள் இறங்கிவிட்டது. அப்புறம் நாத்தனாரிடமிருந்து போன். "மன்னி, சோப் நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் என் வெள்ளைத் துண்டு காவி கட்டிக்கொண்டுவிட்டதே!"

கேசரிப் பவுடர் தண்ணீரில் கரைகிற சாயம். சோப்புக்குள்ளும் ஈரம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு சாயம் நடந்துவிடுகிறது. வெளிச்சம் பட்டால் வெளுத்தும் போகிறது.

"சாயமே வேண்டாம், மஞ்சள் தூள் போட்டுக்கொள்கிறேன்" என்பீர்கள். ஆரத்தி கரைக்கிற கைகளுக்கு நான் சொல்லவா வேண்டும்? சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கிறதல்லவா? சோப்பும் காரமுள்ள வஸ்துதான். நீங்கள் நினைத்த பசுமஞ்சள் வராது; செங்கலை நோக்கிப் போகும். பீட்ரூட் சாறு, செம்பருத்திச் சாறு எல்லாம் கடைசியில் பழுப்புத்தான். போதாக்குறைக்கு, பச்சைச் சாறு சேர்த்த சோப்பில் பூசணமும் பிடிக்கும்.

பிறகு எதைத்தான் போடுவது? சின்ன வயசில் மண்ணில் மினுமினுப்பதைப் பொறுக்கி, காக்காப்பொன் என்று பத்திரப்படுத்தினீர்களே, அதுதான்! அதை மாவாகப் பொடித்து, இரும்பு ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு போன்றவற்றை மேலே மெல்லிசாகப் படியவைத்து 'மைக்கா பவுடர்' என்று விற்கிறார்கள். அது கரையாது, ஆகையால் போட்ட இடத்தை விட்டு நகராது. தெளிவான பேஸில் போட்டால் பட்டுச் சேலை போல் மின்னும். வெள்ளை பேஸில் மினுமினுப்பு மறைந்து, இளநிறம் மட்டும் நிற்கும். ஜிகினாத் தூளை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள். அது பிளாஸ்டிக், கண்ணை உறுத்தும்.

மைக்காவிலும் ஒரு சூது உண்டு. பளீரென்ற ரோஜா, ஊதா நிறங்களுக்காகச் சிலவற்றில் சாயம் ஏற்றியிருப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை போட்டு இரவு முழுதும் வைத்துப் பாருங்கள். தண்ணீருக்கே நிறம் ஏறியிருந்தால் அது வேண்டாம்.

காவியும் இரும்பு ஆக்ஸைடுதானே, கல்லை இழைத்துப் போடலாமே என்று தோன்றும். கூடாது. மண்ணிலிருந்து வருவதில் ஈயம், ஆர்ஸெனிக் போன்றவை கலந்திருக்கலாம். அதனால்தான் அழகுசாதனங்களுக்கு ஆலையில் சுத்தமாகத் தயாரித்ததையே உபயோகிக்கிறார்கள். வண்ணக் கோலப்பொடி, துணிச் சாயம் பக்கமே போகவேண்டாம். மட்டக் குங்குமம் பட்டு நெற்றி அரித்தவர்களுக்கு இது புரியும். அழகுசாதன உபயோகத்துக்கு என்று மேலே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அரைக் கிலோ பேஸுக்குக் கால் டீஸ்பூன் பொடியில் ஆரம்பியுங்கள். பொடி அதிகமாகிவிட்டால் நுரையிலேயே நிறம் தெரியும். பொடியை முதலில் கொஞ்சம் கிளிசரினில் குழைத்துக்கொள்ளாவிட்டால், உப்புமா ரவை மாதிரி கட்டி தட்டும். பாகுப் பதம் பார்ப்பது போல் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவிடுங்கள். அதுதான் உண்மையான நிறம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பொடி அடியில் தங்கிவிடும். சற்றே கெட்டிப்படும்போது ஊற்றுங்கள். வனிலா வாசனை சேர்த்தால் வெள்ளை சோப் நாளாவட்டத்தில் பழுப்பாகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாத்தனாரின் பேத்திக்கு இப்போது ஆறு மாசம். அவளுக்கு நிறமும் வாசனையும் இல்லாத வெள்ளைக் கட்டிதான். நாத்தனாருக்கு அரக்கு நிறத்தில் ஒன்று வார்த்து வைத்திருக்கிறேன். கூடவே ஒரு புதுத் துண்டும்.